வௌவால் கடித்த மாம்பழம் முதல் எபோலா வரை: மரத்தை வெட்டி வௌவாலை விரட்டினால் வைரஸ் போய்விடுமா?

கேரளாவில் நிபா என்று ஒரு செய்தி வந்தால் போதும். அடுத்த அரை மணி நேரத்தில் நம்ம ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்துவிடும். பாதி கடித்த மாம்பழம், பக்கத்தில் தலைகீழாகத் தொங்கும் வௌவால், கீழே சிவப்பு எழுத்தில் "உடனே பகிரவும்".

சென்னையில் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த மெசேஜுக்குப் போய்விடலாம். தருமபுரி மாவட்டத்தில் அது அவ்வளவு சுலபம் இல்லை. காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு அந்தப் படத்தில் இருப்பது வருஷத்துக்கு ஒரே ஒரு முறை கைக்கு வரும் வருமானம். ஊர் எல்லை ஆலமரத்திலோ புளியமரத்திலோ கூட்டம் கூட்டமாக வௌவால் தொங்கும் கிராமங்களில் அடுத்த கேள்வியும் தானாகவே வரும்: "மரத்தை வெட்டிடலாமா? வெடி வெச்சு விரட்டிடலாமா?"

பழத்தைப் பற்றிய பயத்துக்கும் சரி, விரட்டும் யோசனைக்கும் சரி, ஆய்வாளர்களிடம் இன்று ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. நிபா மட்டுமல்ல, எபோலாவும் அதன் பங்காளியான மார்பர்க் வைரஸும் சேர்ந்து சொல்லிக்கொடுத்த பாடம் அது. விரிவாகப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டு வௌவால்களில் நிபா இருக்கிறதா?

வந்து போனதற்கான தடயம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) புனேவில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனமும் (என்ஐவி) 14 மாநிலங்கள், 2 யூனியன் பிரதேசங்களில் வௌவால்களைப் பிடித்துப் பரிசோதித்தன. கேரளா, கர்நாடகா, தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரா, பீகார், மேற்கு வங்கம், அசாம், மேகாலயா ஆகிய 9 மாநிலங்களிலும் புதுச்சேரியிலும் நிபா புழக்கத்தில் இருந்ததற்கான அடையாளம் கிடைத்ததாக 2023ல் தகவல் வெளியானது.

தமிழ்நாடு பெயரைப் பார்த்ததும் பதற வேண்டாம். இந்த மாதிரி ஆய்வுகளில் பெரும்பாலும் கிடைப்பது ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள். திருடன் வந்துவிட்டுப் போன வீட்டில் கால்தடம் இருக்கிற மாதிரி. வைரஸ் ஒரு காலத்தில் அந்த வௌவாலின் உடம்புக்குள் வந்தது, வௌவால் அதைச் சமாளித்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். பரிசோதித்த நாளில் அந்த வௌவாலிடமிருந்து வைரஸ் பரவிக்கொண்டிருந்தது என்று அர்த்தம் இல்லை. தமிழ்நாட்டில் மனிதர் ஒருவருக்கு நிபா உறுதியானதாக இதை எழுதும் வரை பதிவு இல்லை.

எபோலா குடும்பத்துக்கும் இந்தியாவில் இப்படி ஒரு தடயம் உண்டு. இது பலருக்குத் தெரியாது. நாகாலாந்தின் மிமி என்ற கிராமத்தில், ஆண்டுதோறும் குகைக்குள் போய் வௌவால் வேட்டையாடும் மக்களிடமும், அவர்கள் பிடித்த வௌவால்களிடமும் ரத்த மாதிரி எடுத்து ஆய்வு செய்தார்கள். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையமும் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த இந்த ஆய்வு 2019ல் வெளியானது. எபோலா, மார்பர்க் எல்லாம் அடங்கிய ஃபைலோ வைரஸ் குடும்பத்துக்கு எதிரான ஆன்டிபாடி, வௌவால்களில் மட்டுமல்ல, 85 பேரில் 5 பேரிடமும் இருந்தது. அது எபோலாவே என்று ஆய்வு சொல்லவில்லை. பெயர் வைக்கப்படாத, ஒருவேளை மனிதரைப் பெரிதாகப் பாதிக்காத ஒரு உறவுக்கார வைரஸாக இருக்கலாம். ஆனால் வௌவாலிலிருந்து மனிதருக்கு ஏதோ ஒன்று ஓசைப்படாமல் தாவியிருக்கலாம் என்பதை இது சுட்டிக்காட்டுகிறது.

மாம்பழத்துக்கும் நிபாவுக்கும் என்ன சம்பந்தம்?

இதில் மலேசியக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நிபா கதை தொடங்கியதே ஒரு மாந்தோப்பில்தான் என்று சொல்லலாம்.

1998ல் மலேசியாவின் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை பார்த்தவர்களுக்குக் காய்ச்சலும் மூளை வீக்கமும் வந்தது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. ஒரே வீட்டில் கொசு கடித்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாமல், பன்றியைத் தொட்டு வேலை செய்த பெரியவர்களுக்கு மட்டும் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. மலாயா பல்கலைக்கழகத்தில் இருந்த சுவா காவ் பிங் என்ற ஆய்வாளர்தான் 1999ல் இது இதுவரை யாரும் பார்க்காத வைரஸ் என்று கண்டுபிடித்தார். நோயாளி வசித்த சுங்கை நிபா கிராமத்தின் பெயரே வைரஸுக்கும் வந்தது. மலேசியாவில் மட்டும் 265 பேருக்கு நோய், 105 பேர் பலி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

வைரஸ் பன்றிக்குள் எப்படிப் போனது? நோய் முதலில் தோன்றிய பெரிய பண்ணையில், பன்றித் தொழுவத்தை ஒட்டியே மாமரங்களும் நட்டிருந்தார்கள். ஒரே நிலத்தில் இரண்டு வருமானம். நம்ம ஊர் விவசாயி வரப்போரம் தென்னை வைக்கிற மாதிரிதான், அதில் தப்பு சொல்ல எதுவும் இல்லை. மாம்பழம் தேடி பழந்தின்னி வௌவால்கள் வந்தன. கடித்துப் போட்ட பழம் கீழே தொழுவத்தில் விழுந்தது. பன்றி தின்றது. பன்றிகளிடம் பெருகிய வைரஸ் மனிதருக்கு வந்தது. பல ஆண்டுகள் கழித்து பண்ணையின் பழைய கணக்குகளையெல்லாம் எடுத்துப் பார்த்து ஆய்வாளர்கள் இந்தச் சங்கிலியைக் கோத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: மாம்பழம் சாப்பிட்ட மனிதருக்கு நேரடியாக வரவில்லை. வௌவால் இருந்தது, மரம் இருந்தது, அதன் கீழே ஆயிரக்கணக்கில் பன்றிகள் அடைத்து வைக்கப்பட்டிருந்தன. மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்ததுதான் வினையாகிப்போனது.

அப்படியென்றால் கடித்த பழம் சாப்பிடலாமா?

கூடாது. வௌவாலோ அணிலோ, எது கடித்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். "கிளி கொத்துன பழம் தான் இனிக்கும்" என்று சொல்லிக்கொண்டு, கடித்த பக்கத்தை மட்டும் அறுத்துவிட்டு மீதியைச் சாப்பிடும் பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு உண்டு. எனக்கும்தான். அதை விட்டுவிட வேண்டியதுதான்.

ஆனால் நல்ல பழத்தைக் கண்டு பயப்படக் காரணம் இல்லை. நிபா வகை வைரஸை மாம்பழச் சதையில் வைத்துச் சோதித்த ஒரு பழைய ஆய்வில், சூழலைப் பொறுத்து 2 மணி நேரத்துக்குள் செத்ததும் உண்டு, 2 நாளுக்கு மேல் தாக்குப்பிடித்ததும் உண்டு. காய்ந்துபோனால் சீக்கிரமே செத்துவிடுகிறது. தோல் கிழியாத பழத்தைக் கழுவி, தோல் சீவிச் சாப்பிட்டால் போதும் என்பதுதான் உலக சுகாதார அமைப்பின் அறிவுரையும்.

காயாகப் பறித்து, மண்டியில் பழுக்க வைத்து விற்கும் செந்தூராவையும் கிளிமூக்கையும் வௌவால் கடித்திருக்க வாய்ப்பு குறைவு. மரத்திலேயே பழுத்ததைத்தான் அது தேடும். மாங்கூழ் தொழிற்சாலையில் சூடுபடுத்தித் தயாராகும் கூழ் பற்றியும் கவலை வேண்டாம், இந்த வைரஸ் சூடு தாங்காது.

பயம் ஏன் நஷ்டம் என்பதற்கு ஒரு உதாரணம். 2018ல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, குவைத், கத்தார், பஹ்ரைன் ஆகியவை கேரளப் பழம், காய்கறிகளுக்குத் தடை போட்டன. பழத்தால் பரவியது என்று யாரும் நிரூபிக்காதபோதே இது நடந்தது. வளைகுடா சந்தையை நம்பித் தொழில் செய்யும் மா விவசாயிகளுக்கு இதன் அர்த்தம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உண்மையில் நிபா அதிகமாக மனிதருக்குத் தாவும் பாதை வேறு. வங்கதேசத்தில் குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவிப் பானை கட்டுவார்கள். இரவில் வௌவால் வந்து அந்தச் சாற்றை நக்கும், பானைக்குள்ளேயே சிறுநீர் கழிக்கும். விடியற்காலையில் அதைப் பச்சையாகவே குடிப்பார்கள். அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு ஆண்டும் நிபா வரக் காரணம் இதுதான். மரத்தில் சீவிய இடத்தைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டினால் வௌவால் நெருங்குவதில்லை என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ரொம்பச் சின்ன விஷயம், ஆனால் வேலை செய்கிறது.

நம்ம ஊர்ப் பனை பதநீரால் நிபா வந்ததாகப் பதிவு எதுவும் இல்லை. இருந்தாலும் பானை வாயை வலையாலோ துணியாலோ மூடி வைப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. பானையில் சுண்ணாம்பு தடவுவது புளிக்காமல் இருக்கத்தான், அதையே வைரஸ் தடுப்பு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வௌவாலை விரட்டினால் என்ன ஆகும்?

இப்போது கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம்.

உகாண்டாவில் கிடாகா என்று ஒரு சுரங்கம். அதற்குள் லட்சம் வௌவால்களுக்கு மேல் குடியிருந்தன. 2007ல் அங்கே வேலை பார்த்த தொழிலாளர்களுக்கு மார்பர்க் காய்ச்சல் வந்தது. மார்பர்க் என்பது எபோலாவின் நெருங்கிய சொந்தம். காய்ச்சல், ரத்தக்கசிவு, மரணம் எல்லாம் ஏறத்தாழ ஒரே மாதிரி. ஆய்வாளர்கள் அந்த வௌவால்களைச் சோதித்தார்கள். அப்போது உடம்பில் வைரஸ் இருந்தவை 5.1 சதவீதம்.

2008ல் சுரங்கக்காரர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். வாசலை அடைத்து, மீன்பிடி வலை கட்டி, உள்ளே இருந்த வௌவால்களை மொத்தமாகக் கொன்றார்கள். பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

2012ல், அந்தச் சுரங்கத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் இபாண்டா நகரத்தில் மார்பர்க் மறுபடியும் வெடித்தது. அதுவரை உகாண்டா கண்டதிலேயே பெரிய மார்பர்க் பரவல் அது. ஆய்வாளர்கள் திரும்பவும் சுரங்கத்துக்குப் போனார்கள். வௌவால்கள் திரும்பி வந்திருந்தன, முன்பு இருந்ததில் நூற்றுக்குச் சில என்ற அளவில்தான். ஆனால் அவற்றில் வைரஸ் இருந்தவை 13.3 சதவீதம். முன்பைவிட இரண்டரை மடங்கு!

ஏன் இப்படி? பழைய கூட்டத்தில் பெரும்பாலான வௌவால்கள் ஏற்கெனவே வைரஸைச் சந்தித்து எதிர்ப்பு சக்தி பெற்றவை. அவற்றைக் கொன்றதும் இடம் காலியானது. வெளியிலிருந்து புது வௌவால்கள், இளசுகள் வந்து குடியேறின. எதிர்ப்பு சக்தி இல்லாத புதுக் கூட்டத்தில் வைரஸ் காட்டுத்தீ மாதிரி பரவியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கொரோனா காலத்தில் நாம் கேட்டுச் சலித்துப்போன 'மந்தை எதிர்ப்பு சக்தி' வௌவாலுக்கும் உண்டு. அதை நாமே கலைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கதேசத்தில் 6 ஆண்டுகள், 2,700க்கும் மேற்பட்ட வௌவால்களைப் பின்தொடர்ந்து 2020ல் வெளியான ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது. அங்கே இருப்பது நம்ம ஊர் ஆலமரத்தில் தொங்கும் அதே பெரிய பழந்தின்னி வௌவால் இனம். கூட்டத்தில் எதிர்ப்பு சக்தி குறையும்போது நிபா தலைதூக்குகிறது, கூடும்போது அடங்குகிறது. நாட்டில் நிபா வரும் பகுதி, வராத பகுதி இரண்டிலும் வௌவால்களில் வைரஸ் இருந்தது. மனிதருக்கு நோய் வந்தது, பச்சை ஈச்சஞ்சாறு குடிக்கும் பகுதிகளில்தான்.

கொல்லவில்லை, மரத்தைத்தான் வெட்டுகிறோம் என்றால்?

அதற்கு ஆஸ்திரேலியாவில் பதில் கிடைத்திருக்கிறது. அங்கே ஹெண்ட்ரா என்ற வைரஸ் உண்டு. நிபாவின் அண்ணன் என்று சொல்லலாம், 1994லேயே கண்டுபிடிக்கப்பட்டது. வௌவாலிலிருந்து குதிரைக்கும், குதிரையிலிருந்து மனிதருக்கும் வரும். பெகி ஈபி, ரெய்னா பிளோரைட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 25 ஆண்டுத் தரவுகளைச் சேர்த்து 2022ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

குளிர்காலத்தில் பூக்கும் காட்டு மரங்கள் அழிக்கப்பட்டதால் வௌவால்களுக்குத் தீனி இல்லை. பெரிய கூட்டம் சின்னச் சின்னக் கூட்டங்களாகப் பிரிந்து, ஊர்களுக்குள்ளும் குதிரை மேயும் பண்ணைகளிலும் வந்து தங்கிவிட்டன. பட்டினியும் அலைச்சலும் சேர்ந்த காலத்தில் அவற்றிடமிருந்து வைரஸ் அதிகமாக வெளியேறியது, குதிரைகளுக்குத் தாவியது. ஏதாவது ஒரு குளிர்காலத்தில் மிச்சமிருந்த காட்டு மரங்கள் நன்றாகப் பூத்துவிட்டால், வௌவால்கள் பண்ணையை விட்டுவிட்டு அங்கே போய்விட்டன. அந்தக் குளிர்காலங்களில் ஹெண்ட்ரா தாவவே இல்லை. மருந்து அடிக்கவில்லை, ஊசி போடவில்லை. பூ பூத்தது, அவ்வளவுதான்.

எபோலா விஷயத்திலும், ஆப்பிரிக்காவில் காடு அழிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தப் பகுதிகளில் எபோலா வரும் வாய்ப்பு கூடுவதாக 2017ல் ஒரு ஆய்வு காட்டியது.

சாலை அகலப்படுத்தும்போது வயசான புளியமரங்கள் சாய்வது நமக்குப் பழகிப்போன காட்சி. வௌவால் தங்கும் பெரிய மரத்தை வெட்டினால் அது மாவட்டத்தை விட்டுப் போய்விடாது. ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறந்து இரை தேடும் உயிர் அது. நாலு கூட்டமாகப் பிரிந்து, வீட்டுப் பக்கத்து மரத்துக்கும் தோப்புக்கும்தான் வரும். ஊர் எல்லையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்ததை நடு வீதிக்கு அழைத்து வந்த கதைதான்.

ஒரு சட்ட விஷயமும் உண்டு. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு சேர்த்து 'தீங்குயிர்' பட்டியலில் வைத்திருந்தது. யார் வேண்டுமானாலும் கொல்லலாம் என்ற நிலை. 2022ல் கொண்டுவந்த திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. நம்ம கோயில் விளக்குகளுக்கு ஒரு காலத்தில் எண்ணெய் தந்த இலுப்பை மரம், விதை பரவ வௌவாலை நம்பியிருக்கிறது என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம். தமிழ்நாட்டில் சில ஊர்களில் வௌவால்களுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்கள். சாமி நம்பிக்கையால் செய்தாலும், அவர்கள் செய்துகொண்டிருப்பது நோய்த் தடுப்பும்தான்.

எபோலாவுக்கும் வௌவால்தான் காரணமா?

இங்கேதான் எதையும் அடித்துப் பேச முடியாது. மார்பர்க் வைரஸை உயிரோடு வௌவாலிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார்கள். எபோலாவை அப்படி இன்னும் யாரும் எடுக்கவில்லை. மரபணுத் துணுக்குகளும் ஆன்டிபாடியும்தான் கிடைத்திருக்கின்றன. 2014 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் 28,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 11,000க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பெரும் பரவல், கினியாவின் மெலியாண்டூ கிராமத்தில் ஒரு சின்னக் குழந்தையிடமிருந்து தொடங்கியதாகக் கருதப்படுகிறது. வௌவால்கள் குடியிருந்த மரப்பொந்து ஒன்றில் குழந்தைகள் விளையாடுவார்கள் என்பது வரை தெரியும். ஆய்வாளர்கள் போவதற்குள் அந்த மரம் எரிந்துவிட்டது.

அதைவிட அதிர்ச்சி 2021ல் வந்தது. கினியாவில் திரும்பவும் எபோலா. வைரஸின் மரபணுவைப் படித்தால், அது 2014ல் பரவிய வைரஸோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போனது. காட்டிலிருந்து புதிதாக வந்திருந்தால் இத்தனை ஆண்டுகளில் நிறைய மாறியிருக்க வேண்டும். பழைய பரவலில் பிழைத்த ஒருவரின் உடம்பில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பதுங்கியிருந்து வெளியே வந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 2014 நவம்பரில் லைபீரியாவில் எபோலாவிலிருந்து குணமாகி டெல்லி வந்த இந்தியர் ஒருவர் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தப்பட்டார். ரத்தத்தில் வைரஸ் இல்லை, விந்தில் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கினியாவிலிருந்து சென்னை வந்திறங்கிய தேனி மாவட்ட இளைஞர் ஒருவரும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் தனி வார்டில் வைக்கப்பட்டார். அவருக்கு எபோலா இல்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. எபோலாவின் ஜயர் வகைக்கு இப்போது தடுப்பூசி உண்டு. நோயாளியைச் சுற்றியுள்ளவர்களுக்கு மட்டும் வளையம் மாதிரி போட்டுக்கொண்டே போவார்கள். 2025 செப்டம்பரில் காங்கோவின் கசாய் மாகாணத்தில் பரவிய எபோலா, டிசம்பர் 1ல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. 64 பேருக்கு நோய், 45 பேர் பலி. சூடான் வகை எபோலாவுக்கு இன்னும் அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி வரவில்லை. 2025 ஜனவரி இறுதியில் உகாண்டா தலைநகர் கம்பாலாவில் அது வந்தபோது, அறிவிப்பு வெளியான நான்கே நாளில் சோதனைத் தடுப்பூசியைப் போடத் தொடங்கினார்கள். 2022ல் இதே உகாண்டாவில் சோதனை ஊசி வந்து சேர்வதற்குள் பரவலே முடிந்துவிட்டது என்பதை நினைத்தால், இது பெரிய வேகம்.

நிபாவுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் தடுப்பூசி 2024ல் மனிதர்களிடம் சோதனைக்கு வந்தது. கடைக்கு வரவில்லை.

தருமபுரியில் ஒருவருக்கு வந்தால்?

இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பெங்களூரு, கேரளா என்று வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். 2024 செப்டம்பரில் மலப்புறத்தில் நிபாவால் இறந்த 24 வயது இளைஞர் பெங்களூருவில் படித்துக்கொண்டிருந்தவர். 2025ல் மே முதல் ஜூலை வரை மலப்புறம், பாலக்காடு மாவட்டங்களில் 4 பேருக்கு உறுதியானது, 2 பேர் இறந்தார்கள். பாலக்காட்டைத் தாண்டினால் கோவை.

நிபா மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொரோனா மாதிரி பரவாது. வங்கதேசத்தில் 14 ஆண்டுகளில் நோய் வந்த 248 பேரை ஆராய்ந்ததில், ஒரு நோயாளி சராசரியாக 0.33 பேருக்குத்தான் பரப்பியிருந்தார். அதாவது மூன்று நோயாளிக்கு ஒரு புது நோயாளி. தானாகவே தேய்ந்துபோகும் கணக்கு இது. ஆனால் சராசரி எப்போதும் முழு உண்மையைச் சொல்லாது. மூச்சுத்திணறலும் இருமலும் அதிகமான நோயாளியை நெரிசலான மருத்துவமனையில் வைத்தால் கணக்கே மாறிவிடும்.

2001ல் சிலிகுரியில் இந்தியாவின் முதல் நிபா பரவல் அப்படித்தான் நடந்தது. 66 பேரில் 45 பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் மருத்துவமனை ஊழியர்களும் நோயாளியைப் பார்க்க வந்தவர்களும். 2018 மே மாதம் கோழிக்கோட்டிலும் அதே கதை. முதல் நோயாளிக்கு என்ன நோய் என்று தெரியாமலேயே அவர் இறந்துவிட்டார். அவரிடமிருந்து மட்டும் மருத்துவமனைகளில் பலருக்குத் தொற்றியது. அவரைக் கவனித்த பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினியும் அதில் ஒருவர். மொத்தம் 23 பேருக்கு நோய், 21 பேர் பலி. அதே வீட்டில் அடுத்தடுத்து மூளைக்காய்ச்சல் வருவதைப் பார்த்துச் சந்தேகப்பட்ட மருத்துவர்கள் மணிப்பாலுக்கு மாதிரி அனுப்பியதால்தான் விஷயம் வெளியே வந்தது. மணிப்பால் சொன்னதை என்ஐவி உறுதி செய்தது.

அப்போது நடந்த ஒரு குழப்பம் இன்றும் ஃபார்வர்டுகளில் ஓடுகிறது. அந்த வீட்டுக் கிணற்றில் இருந்த வௌவால்களைச் சோதித்ததில் நிபா இல்லை என்று வந்தது. "வௌவால் காரணமே இல்லை" என்று பரப்பினார்கள். கிணற்றில் இருந்தவை பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள்! பிறகு அந்தப் பகுதியில் பிடித்த 52 பழந்தின்னி வௌவால்களில் 10ல் வைரஸ் இருந்தது. நோயாளிகளிடம் இருந்த வைரஸோடு அது ஏறக்குறைய முழுதாக ஒத்துப்போனது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் கேரளா கற்றுக்கொண்டது. 2019ல் எர்ணாகுளத்தில் ஒருவரோடு நின்றது, அவரும் பிழைத்தார். 2023ல் 6 பேர், 2 மரணம். வைரஸ் மாறிவிடவில்லை. மூளைக்காய்ச்சல் என்றால் நிபாவா என்று சீக்கிரம் சந்தேகிப்பது, தனிமைப்படுத்துவது, தொடர்பில் இருந்தவர்களைப் பட்டியல் போடுவது, இதெல்லாம்தான் மாறியது.

அதனால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ காய்ச்சலோடு போனால், எங்கே வேலை பார்த்துவிட்டு வந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். டாக்டர் கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். காய்ச்சல், தலைவலி, வாந்தியோடு பேச்சு குழறுவது, ஆளை அடையாளம் தெரியாமல் போவது, வலிப்பு, மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. தொற்றியதிலிருந்து 4 முதல் 14 நாளுக்குள் பொதுவாக அறிகுறி தெரியும். நோயாளியோடு ஒருவர் மட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு இருந்தால் போதும். பழம் வாங்கிக்கொண்டு ஊரே திரண்டு வார்டுக்குப் போய்ப் பார்க்கும் அன்பை, அந்த சில நாளைக்கு போனிலேயே வைத்துக்கொள்ளலாம்.

கேரளாவிலிருந்து திரும்பியவரை ஊருக்குள் விடமாட்டோம் என்று நிற்பதும் ஆபத்துதான். அப்படி ஒரு பயம் வந்துவிட்டால், எங்கிருந்து வருகிறோம் என்பதை யாரும் டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

மாம்பழ சீசனில் என்ன செய்யலாம்?

கேரளாவில் இதுவரை நிபா வந்ததெல்லாம் மே முதல் செப்டம்பருக்குள்தான். நம்ம மாம்பழ சீசனும் அதில் பாதியை ஒட்டி வருகிறது. தோப்பில் காலையில் கீழே கிடக்கும் கடிபட்ட பழங்களைக் கையுறையோ பிளாஸ்டிக் பையோ போட்டுப் பொறுக்கி, குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். ஆடு, மாடு, குறிப்பாகப் பன்றிக்குப் போட வேண்டாம், மலேசியாவில் நடந்தது அதுதான். வௌவால் தங்கும் மரத்தடியில் தொழுவமோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால் தள்ளி வையுங்கள், இல்லை மூடி வையுங்கள். பிள்ளைகள் செத்த வௌவாலையோ கீழே விழுந்த குட்டியையோ கையால் தொடக் கூடாது. நிறைய வௌவால்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ தகவல் சொல்லுங்கள்.

வௌவால் பழம் தின்று நஷ்டமாகிறது என்றால் வலை போடலாம், கொஞ்சம் முன்கூட்டியே காயாகப் பறிக்கலாம். ஆலமரத்தில் தொங்குவது அங்கேயே தொங்கட்டும்.

காய்ச்சல் சந்தேகம் எதுவாக இருந்தாலும் தமிழ்நாடு சுகாதாரத் துறையின் 104 எண்ணில் எந்த நேரமும் கேட்கலாம். ஆம்புலன்ஸுக்கு வழக்கம்போல 108. போன் செய்யும்போதே காய்ச்சலோடு குழப்பமோ வலிப்போ இருப்பதைச் சொல்லிவிட்டால், வருகிறவர்கள் மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டே வர முடியும்.